கைமாற்று

(மயிலாடுதுறையில் முடவன் முழுக்கு நாளன்று ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நேற்றுக் கடைமுகம். ஐப்பசி கடைசி நாள். துலாக்கட்டத்தில் கால் வைக்க இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் தலை ஈரத்தோடுதான் வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். இன்று முடவன் முழுக்கு. ஐப்பசி முழுக்கக் காவிரியில் குளிக்க வேண்டும் என்று எங்கிருந்தோ கிளம்பிய முடவர் ஒருவர், தவழ்ந்து தவழ்ந்து மாயவரம் வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துபோயிருந்தது. மயூரநாதர் சன்னிதியில் போய் அழுதார். சரி, நாளைக்கும் அதே பலன், போய்க் குளி என்று சாமி சொன்னதாகக் கதை. அதனால்தான் கார்த்திகை முதல் தேதியும் நமக்குத் தீர்த்த நாள்.

இந்த அறக்கட்டளையை வைத்தவர் நம் ஊரில் தலைமையாசிரியராக இருந்தவர். தன் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார். நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் சொற்பொழிவு கார்த்திகை முதல் தேதியன்றுதான் நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, அது ஏன் என்று பல வருஷம் எனக்கு விளங்கவில்லை. கூட்டம் வராத நாள் அது. நேற்று வைத்திருந்தால் ஊரே இங்கே இருந்திருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த பொருள் இது: பண்டிகை நாளில் நாம் திரட்டும் பணம், போர் நடக்கும் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எந்த அளவுக்குக் காக்கும்? நேற்று மாலை பட்டமங்கலத் தெரு தொடங்கித் துலாக்கட்டம் வரை உண்டியல்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினொன்று. அன்னதானம், கோசாலை, முதியோர் இல்லம், குடமுழுக்கு. பண்டிகை அன்று நம் கை தாராளமாகத்தான் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் காலை பற்றித்தான் என் கேள்வி.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கத்தில் கைமாற்று என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? குறுவை அறுப்புக்கு ஆள்கூலி கொடுக்கக் கையில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாங்குவோம். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. நெல் போட்டதும் திருப்ப வேண்டும். அவர்களுக்கு முடை வந்தால் நம்மிடம் வருவார்கள். கொடுத்தவரைப் புரவலர் என்று யாரும் சொல்வதில்லை. வாங்கியவர் தலை குனிவதும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பணம் இந்தக் கடல் வழியாக முந்நூறு வருஷமாகக் கைமாற்றாகத்தான் போய் வந்துகொண்டிருக்கிறது. நாம் முதலில் வாங்கிய வீடு.

இங்கிருந்து தரங்கம்பாடி எத்தனை தூரம், பஸ் ஏறினால் வந்துவிடும். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். சீக்கிரமே பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் படிப்பும் சொல்லித்தரும் பள்ளிகள் நடந்தன; பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஒன்று. பணம்? ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் 1710 முதல் தரங்கம்பாடிக் கடிதங்களை அச்சிட்டு விற்றார்கள். அதைப் படித்த ஊர்க்காரர்கள் அனுப்பிய காசும், டென்மார்க் அரசனின் மானியமும், இங்கிலாந்திலிருந்து வந்த உதவியும் சேர்ந்து நம் கடற்கரைப் பிள்ளையின் சோற்றுத் தட்டுக்கு வந்தன. அவர்களுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தரங்கம்பாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு தச்சரோ விதவையோ, அச்சடித்த ஒரு கடிதத்தை நம்பிக் காசு போட்டார்கள் என்பதும் உண்மை.

இந்த ஊர்ப் பக்கமும் போர்க்களமாக இருந்திருக்கிறது. நம் பாட்டிமார் ‘ஹைதர் கலாபம்’ என்று சொல்வார்கள். 1781-ல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் வந்தது. வாய்க்கால் உடைந்தது, பயிர் போனது, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மைசூருக்குப் போனார்கள். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமத்தில் நெல் இருந்தது, அதைக் கொண்டுவர மாடு கிடைக்கவில்லை. காரணம் ஹைதர் மட்டும் இல்லை. முன்பு நெல்லும் மாடும் கொடுத்தவர்களுக்கு ராஜாவும் பணம் தரவில்லை, கம்பெனியும் தரவில்லை. அதனால் இரண்டு பேரையும் குடியானவர்கள் நம்பத் தயாராயில்லை. கடைசியில் அந்த இரண்டு பேருமே ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் போனார்கள். அவரும் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர்தான். மாடு செத்தாலும் பகைவன் ஓட்டிப் போனாலும் நான் பணம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாட்டுக்கு மேல் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. ராஜாவின் முத்திரைக்குக் கிடைக்காதது ஒருவர் வாய்ச்சொல்லுக்குக் கிடைத்தது. நிவாரண நிதி என்று யார் பேசினாலும் எனக்கு இந்த 80,000 கலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலையிலிருந்து விலகி ஊரில் இருந்த காலம். கையிலிருந்ததை எல்லாம் போட்டுக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடியதை நீங்கள் அறிவீர்கள். அதே காலத்தில் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திக்கொண்டிருந்தார். ஒருவர் கிறித்தவர், மற்றவர் கிறித்தவ மிஷன்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய சைவர். கஞ்சி ஒன்றுதான்.

அந்த நாவலருக்கு ‘நாவலர்’ என்ற பட்டம் கிடைத்தது 1849-ல், இதோ பக்கத்துத் திருவாவடுதுறையில். பிறகு 1864-ல் சிதம்பரத்தில் அவர் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். இன்றைக்கும் அவர் பெயரில் அங்கே மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. அதற்கான பணத்தில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் திரட்டியது. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பிள்ளைகள் படிக்க, வாய்க்கால் பாசனம் இல்லாமல் கிணற்றில் இறைத்துப் புகையிலை போட்ட குடியானவர்களின் காசு வந்திருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை 60 கடல் மைல். 2023 அக்டோபர் 14 அன்று கப்பல் மறுபடியும் விட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. நம் வீட்டிலிருந்து சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்டே. ஆகவே ஈழத்துப் பிள்ளைகளுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று யாராவது பெருமையாக ஆரம்பித்தால், கைமாற்றைக் கொஞ்சம் திருப்பினோம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஈழப் போர்க்காலத்துக்கு வருகிறேன். பாதுகாப்பு என்ற சொல்லைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். குண்டு விழுகிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அது என்னவாக இருந்தது? 2013-ல் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை தன் பள்ளி வளவில் மண் மூடிய ஒரு பள்ளத்தைக் காட்டி, “இதுதான் சேர் எங்கட பங்கர்” என்றார். பதுங்கு குழியை அவர்கள் பங்கர் என்றே சொல்கிறார்கள். நேராக வெட்ட மாட்டார்கள், ‘ட’ எழுத்துப் போல மடக்கி வெட்டுவார்கள். வாயிலில் விழுகிற குண்டின் சிதறல் உள்ளே நேராகப் பாயாது. மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. சிமென்டு வடக்குக்குள் வரத் தடை. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித்தருகிறபோது ‘ட’ வந்ததும் பிள்ளைகள் “பங்கர்” என்று கத்துவார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். பாம்பு வரும். நாம் துலாக்கட்டத்தில் முழுகுகிற அதே மாதத்தில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் கொப்பியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கொப்பி என்றால் நம் நோட்டு. அந்தக் கொப்பியும் சுலபமாகக் கிடைக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் தாளுக்குத் தட்டுப்பாடு. யாழ்ப்பாணப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாள்கள் உண்டு. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரம். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு வைத்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, அந்த விளக்கில் படித்து ஒரு தலைமுறை சோதனை எழுதித் தேறியது.

1995 செப்டம்பர் 22. நாகர்கோவில் மகாவித்தியாலயம். நம் குமரி நாகர்கோவில் இல்லை, வடமராட்சி கிழக்கிலிருக்கிற ஊர். மதிய இடைவேளையில் விமானக் குண்டுவீச்சு. 20-க்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்துப் போனார்கள். முந்தின நாள்தான் செய்தித் தணிக்கை அறிவித்திருந்தார்கள், அதனால் தென்னிலங்கைப் பத்திரிகைகளில் அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகச் சாகக்கூட இல்லை. 2006 ஆகஸ்டு 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளில் 50-க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகள். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே இரவில், ஒரே மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, வழியில் இருந்த பள்ளிகளெல்லாம் முகாம் ஆகிவிட்டன. பிறகு ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மதியம் இடம்பெயர்ந்த இன்னொரு பள்ளி.

இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். பள்ளிப் பிள்ளைக்கு ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வரவில்லை. வகுப்பறையிலிருந்து விடுதலைப் புலிகள் பிள்ளைகளை இயக்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். கடைசி வருஷங்களில் வலுக்கட்டாயமாகவே. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவசரமாகத் தாலி கட்டிய தாய்மார்கள் வன்னியில் பலர். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை அதே இயக்கம்தான் வெளியேற்றியது. அந்தப் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டகைகளில் படித்தார்கள். அவர்களுக்கென்று மாயவரத்தில் யாரும் உண்டியல் ஏந்தியதாக எனக்கு நினைவில்லை. நானும் ஏந்தவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் பள்ளிகள் எப்படி நடந்தன என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதியிலும் ஆசிரியர் சம்பளத்தைக் கொழும்பு அரசாங்கம் கொடுத்துக்கொண்டே இருந்தது. வினாத்தாளும் கொழும்பிலிருந்து வந்தது. விமானம் அனுப்பியவரும் வினாத்தாள் அனுப்பியவரும் ஒரே அரசாங்கம். ஆனால் நியமனம் பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. பாதிப்பேர் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள், குறை சொல்ல முடியாது. அந்த இடங்களை நிரப்பியவர்களைத் தொண்டர் ஆசிரியர்கள் என்றார்கள். அப்போதுதான் உயர்தரம் முடித்த இருபது வயதுப் பெண்கள்தான் அநேகம். கையில் நியமனக் கடிதம் இல்லை. ஊரார் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகை, வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர் அனுப்புவது, சில மாதம் அதுவும் இல்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் வகுப்பை எந்த வரிசையில் பங்கருக்குள் இறக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது இவர்களுக்குத்தான்.

அந்த வடமராட்சி ஆசிரியையிடம் ஒரு கேள்வி கேட்டேன். வெளிநாட்டுப் பணத்தில் உங்கள் பள்ளிக்கு மிகவும் உதவியது எது? அவர் ஒரு கட்டடத்தைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாசலில் பெயர் பொறித்த ஒரு மண்டபம் இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரெண்டு தொண்டர் ஆசிரியைகளுக்கு மூண்டு வருசம் மாசாமாசம் வந்த காசு” என்றார்.

இங்கேதான் பண்டிகை வசூலின் சிக்கல் இருக்கிறது. பண்டிகையில் திரளுகிற பணம் மொத்தமாக வரும், ஒரு நாளில் வரும், கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக மாற ஆசைப்படும். கட்டடம், சீருடை, இனிப்பு, புகைப்படம். தொண்டர் ஆசிரியையின் சம்பளத்துக்கு மாதம் பன்னிரண்டு. அதில் கல்வெட்டு வைக்க இடமில்லை.

அதற்காக இந்தப் பண்டிகை வசூலை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதல் உலகப் போர் முடிந்தும் முற்றுகை நீடித்தபோது ஆஸ்திரியாவில் பட்டினி கிடந்த குழந்தைகளின் படத்தை லண்டனில் துண்டறிக்கையாக விநியோகித்த எக்லண்டைன் ஜெப் என்ற பெண்ணைக் கைதுசெய்தார்கள். 1919 மே மாதம் நீதிமன்றம் ஐந்து பவுண்டு அபராதம் போட்டது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரே ஐந்து பவுண்டை அவர் கையில் கொடுத்தார். பகைவன் வீட்டுப் பிள்ளைக்கென்று தொடங்கிய நிதிக்கு அது முதல் காசுகளில் ஒன்று. குழந்தைகளைக் காப்போம் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. அதே வருஷம் போப் பதினைந்தாம் பெனடிக்ட், டிசம்பர் 28 அன்று உலகமெங்கும் தேவாலயங்களில் இந்தக் குழந்தைகளுக்காகக் காணிக்கை எடுக்கச் சொன்னார். அது மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது மன்னன் கொன்ற சிசுக்களை நினைக்கும் நாள். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று நாள் கழித்து, இனிப்பெல்லாம் தீர்ந்த பிறகு வருகிற பண்டிகை.   1950-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் ஒரு பாதிரியார் குடும்பத்துப் பிள்ளைகள், பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் அன்று, மிட்டாய்க்குப் பதில் பால் அட்டைப்பெட்டியில் காசு கேட்டார்கள். 17 டாலர் சேர்ந்தது. போரில் நொந்த நாடுகளின் குழந்தைகளுக்குப் பால் வாங்க யுனிசெஃபுக்குப் போனது. பிறகு அது நாடு முழுக்கப் பரவிய வழக்கமாயிற்று.

நமக்கும் இது புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் கொடிநாளுக்கு, டிசம்பர் 7, தகர உண்டியலைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். 1949 முதல் நடப்பது. சின்னக்கடைத் தெருவில் நான் அந்த உண்டியலைக் குலுக்கிக்கொண்டு போனது நன்றாக நினைவிருக்கிறது. காசு எங்கே போகிறது என்று ஒரு மளிகைக்கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “தெரிஞ்சுக்கிட்டு வாடா தம்பி, ரெண்டு ரூபா போடறேன்” என்றார். அன்றைக்கு அவர் கருமி என்று நினைத்தேன்.

அவர் கேட்டதைத்தான் பின்னால் உலகமே கேட்டது. தமிழர் புனர்வாழ்வுக் கழகம் 1985-ல் தமிழ்நாட்டில், அகதிகளுக்காகத் தொடங்கியது. டொராண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பொங்கலுக்கும் கோயில் தேருக்கும் உண்டியல் போனது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அது பெரிய வேலைகள் செய்தது, பலர் கண்ணால் பார்த்தது. ஆனால் பிள்ளைக்கென்று போட்ட காசு புலிகளுக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டும் உடன் வளர்ந்தது. 2007 நவம்பரில் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. எவ்வளவு காசு எந்தப் பக்கம் போனது என்ற வாதத்துக்குள் நான் இப்போது இறங்கவில்லை. பின்விளைவை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பின்னால் நேர்மையாகக் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் காசு கேட்டவர்களையும் சனம் சந்தேகத்தோடு பார்த்தது. 2008 இறுதியில், 2009 தொடக்கத்தில், பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்பட்ட மாதங்களில், மாடும் நெல்லும் கிராமத்திலேயே நின்றுவிட்டன. வாய்ச்சொல் கொடுக்க ஸ்வார்ட்ஸ் இல்லை.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலுக்குத் தலைவராக இருந்த தங்கம்மா அப்பாக்குட்டி. பள்ளி ஆசிரியை, சொற்பொழிவுக்காகத் தமிழ்நாட்டு மேடைகளும் அறிந்தவர். கோயில் வருமானத்தைக் கோபுரத்துக்கு மட்டும் வைக்காமல், ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்கென்று துர்க்காபுரம் மகளிர் இல்லம் நடத்தினார். 1990-ல் வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமாகி ஊரே கிளம்பிய காலத்திலும் அந்தப் பொறுப்பை விடவில்லை. ஜனவரி 7 அவர் பிறந்த நாள். அதைத் தனக்குக் கொண்டாடாமல் அறக்கொடை நாளாக ஆக்கினார். 2008-ல் அவர் காலமான பிறகும் இல்லம் தொடர்ந்தது. இதில் நான் பார்ப்பது கணக்கு. திருவிழாவில் விழுந்த காசைச் சாப்பாட்டுக்கும் படிப்புக்குமாக வருஷம் முழுக்கப் பிரித்துப் போடத் தெரிந்த ஓர் ஆசிரியையின் கணக்கு. பிள்ளைகள் அவர் கண்ணெதிரே இருந்தார்கள். யாரையும் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை.

நம் கரையிலிருந்து போனதும் போகாததும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு ஊரே பசியில் இருந்தபோது பழ. நெடுமாறன் ஊர் ஊராக உணவும் மருந்தும் திரட்டினார். 2007 செப்டம்பரில் படகில் எடுத்துப் போக முயன்றபோது போலீஸ் தடுத்தது. அவர் உண்ணாவிரதம் இருந்தார், மூட்டைகள் கடலைத் தாண்டவில்லை. 2022-ல் நிலைமை வேறு. போர் இல்லை, ஆனால் இலங்கையில் காசே இல்லை. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பள்ளித் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தாள்! தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப முடிவுசெய்தது. முதல் கப்பல் மே மாதம் புறப்பட்டது. முதலில் இலங்கைத் தமிழருக்கு என்று யோசித்தது, பிறகு இலங்கை மக்கள் எல்லாருக்கும் என்றானது. அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே அப்படித்தான் கேட்டார்கள். எனக்கு அந்த அரிசியில் பிடித்தது அந்தத் திருத்தம்தான்.

இப்போது என் சொந்தக் குற்றம் ஒன்று. 1984 பொங்கலுக்கு, முந்தின ஜூலைக் கலவரத்தில் தப்பி வந்த பிள்ளைகளுக்கென்று எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து வசூல் செய்தோம். பிடியரிசி, பழைய துணி, கரும்பு. கரும்பு! அடுத்த கல்வியாண்டில் எங்கள் வகுப்பில் பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு பையன் சேர்ந்தான். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவன். ஏன் என்று கேட்டோம். டி.சி. இல்லை. எரிந்த வீட்டில் மாற்றுச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அவன் போன பள்ளிகளில் ஒன்றில், அதன் பெயர் வேண்டாம், சான்றிதழ் கொண்டுவந்தால் சேர்க்கிறோம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த கரும்பை அவனும் வாங்கியிருக்கிறான். “நல்லா இருந்தது” என்றான். அவனுக்கு அப்போது வேண்டியிருந்தது, ஒரு பெரியவர் கூடவே வந்து, இந்தப் பிள்ளைக்கு நான் ஜவாப்தாரி என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது. கடைசியில் போட்டவர் எங்கள் தலைமையாசிரியர். இந்த அறக்கட்டளைக்காரர்.

போரைத் தாண்டி வந்த பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அகதி முகாம் என்ற பெயரை 2021-ல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அந்த ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவித்தார்கள், வீடுகள் வந்தன. அங்கே இப்போது படிப்பது மூன்றாம் தலைமுறை. இங்கேயே பிறந்தவர்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போது குடியுரிமை என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாதவர்கள். கடலுக்கு அப்பால் பணம் அனுப்புவதற்கு ஆயிரம் சட்டம் இருக்கிறது; முகாமுக்குப் பஸ் போகிறது.

வேறு ஊர்களையும் பாருங்கள். உக்ரைனின் கார்கீவ் நகரத்தில் 2023 முதல் மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பு நடக்கிறது, ஜம்முவின் எல்லைக் கிராமங்களில் பங்கர் கட்டியிருக்கிறோம், மணிப்பூரில் 2023 மே மாதத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களே முகாம்களாயின. எங்கேயும் விசாரித்தால் அந்த வடமராட்சி ஆசிரியை சொன்னதுதான் வரும் என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் தினமும் வர வேண்டும். அவருக்கு மாதாமாதம் ஏதாவது போக வேண்டும்.

கார்த்திகை முதல் தேதிக்கு வருகிறேன். தலைமையாசிரியரின் பழைய கணக்கு நோட்டைப் போன வருஷம் அவர் மகன் எனக்குக் காட்டினார். தீபாவளி, கடைமுகம், பொங்கல் என்று பக்கம் பக்கமாக வசூல். ஒவ்வொரு வரவுக்கும் எதிரே பன்னிரண்டு சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் மாதம் போட்டு, யாருக்கு என்ன கொடுத்தார் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். ட்யூஷன் வாத்தியார் ரூ. 40. பஸ் ரூ. 11. கண்ணாடி. மறுபடியும் ட்யூஷன் வாத்தியார். கடைமுகப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: நாளைக்கும் பெட்டி இருக்கும்.

வாசலில் ஒரு மரக்கால் வைத்திருக்கிறார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள். முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிற இரண்டு பெண்களின் அடுத்த பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்காக. என்ன விழுந்தது, எப்போது யாருக்குப் போனது என்று மாதாமாதம் இந்த மண்டபத்தின் பலகையில் எழுதிப் போடுவார்கள். வந்து பார்க்கலாம், சண்டையும் போடலாம். நெல்லாகவும் போடலாம். கையில் இப்போது இல்லையென்றால் பரவாயில்லை, மரக்கால் நாளைக் காலை பத்து மணி வரை அங்கேயே இருக்கும்.